நூற்றுப் பதினான்கு கட்டங்கள்

மார்ச் 4, செவ்வாய்

நர்ஸ் இன்று புண்ணை அளந்தார். இரண்டு சென்டிமீட்டர். போன வாரமும் இரண்டுதான். "வளரல. அதுவே நல்ல சேதி" என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினார். செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம் வருகிறார், இருபது நிமிடம் இருக்கிறார். மீதி வாரம் முழுவதும் என் பொறுப்பு.

முதுகுத்தண்டு முடியும் இடத்தில், நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவுக்கு அந்தப் புண். படுத்த படுக்கையாக மூன்று வருடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் - இடது, வலது, மறுபடி இடது. சாப்பிடும்போது மட்டும் நேராக. திருப்பியதும், கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் மணியையும் பக்கத்தையும் எழுத வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: கட்டம் காலியாக இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். நான் ஒரு கட்டம்கூடக் காலியாக விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

எட்டு மணிக்கு அறைக்குள் போனதும் பெரியம்மா கண்ணைத் திறக்காமலே, "வந்தாச்சா கடிகாரம்" என்றார். இந்த வீட்டில் ஒன்றே முக்கால் வருடமாக எனக்கு அதுதான் பேர். பக்கவாதத்துக்குத் தன் வாய் மட்டும் தப்பித்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஜூன் பத்தாம் தேதியோடு நான் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம். ஒப்பந்தப்படி ஒரு மாதம் ஊருக்குப் போகலாம். இன்னும் தொண்ணூற்றெட்டு நாள்.

மார்ச் 7, வெள்ளி

பெரியம்மாவின் மகனை நான் சார் என்றும் மருமகளை மேடம் என்றும் கூப்பிடுகிறேன். மேடம் இரண்டு தெரு தள்ளி நாலு அறை வைத்து, வருகிற போகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். அங்கே சுத்தம் செய்யும் பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாளாம்.

காலையில் சார் அறை வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டார், மருந்து வாசம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. "ரெண்டு மணி நேரம்தான். போய் விரிப்பெல்லாம் மாத்திட்டு வந்துடு."

"அம்மாவை யார் சார் திருப்புறது?"

"பெல் இருக்கு, டிவி ஓடுது. ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது."

எட்டரைக்குப் போனேன். நாலு அறை, ஏழு கட்டில், நாலு கழிப்பறை. சலவைக்காரர் அழுக்கு விரிப்புகளை எண்ணி எடுத்துக்கொண்டு நோட்டை நீட்டினார். மணி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். வீடு திரும்பும்போது ஒன்று நாற்பது. காலைச் சாப்பாட்டுக்கு மல்லாக்கப் படுக்க வைத்தது அப்படியே இருந்தது. பெரியம்மாவுக்குக் கீழே விரிப்பு ஈரம்.

"கடிகாரம் நின்னு போச்சோன்னு பார்த்தேன்" என்றார். சிரிக்கவில்லை.

சார்ட்டில் பத்து மணிக் கட்டமும் பன்னிரண்டு மணிக் கட்டமும் காலி. சார் எட்டிப் பார்த்து, "அதையும் போட்டுடு. செவ்வாய்க்கிழமை நர்ஸ் கேப்பாங்க" என்றார்.

போட்டேன். 10:05 இடது. 11:58 வலது. நிஜமாகத் திருப்பும்போது நான் வெறும் 10, வெறும் 12 என்றுதான் எழுதுவேன். நம்பும்படி இருக்கட்டும் என்று நிமிடத்தையும் சேர்த்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை தானாகப் போனது.

மார்ச் 8, சனி

இன்று வெளி வேலை இல்லை. என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து போனில் பேசினார். பதினோரு நிமிடம். அங்கே மழை. மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பட்டறைக்கு இரண்டு மோட்டார் வந்திருக்கிறது. அப்புறம் "வேறென்ன" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டோம். அதன்பிறகு கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

பத்தாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து, ஞாயிறு தவிர தினமும் மேடத்தின் அறைகள். இரண்டு மணி நேரம் என்ற பேச்சே இப்போது இல்லை. புண் 2.3.

நர்ஸ் சார்ட்டைப் புரட்டினார். "ஒரு கட்டம்கூட விடாம எழுதியிருக்க. உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா நான் வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்குவேன்."

நான் சிரித்தேன். பெரியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

பெரியம்மா தூங்குகிறார், வலது பக்கம். இரண்டு மணி வரை எனக்கு வேலை இல்லை.

என் வீட்டுக்காரருடைய முகம் எனக்கு மறக்கவில்லை. அது போனில் வருகிறது. குரலும் வருகிறது. பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர், அந்தக் கம்பி கிழித்த விரல்நுனிகளைக்கூட ஒருநாள் போனில் காட்டினார். போனில் வராதது எடை. பட்டறையிலிருந்து வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றுவார். கட்டில் அந்தப் பக்கம் அமுங்கும். அரைத்தூக்கத்தில் இருக்கும் நான் கொஞ்சம் அவர் பக்கம் உருளுவேன். அவ்வளவுதான் அது. ஒரு சாண்கூட இருக்காது.

என் தொழிலே எடைதான். பெரியம்மா ஐம்பத்தெட்டுக் கிலோ. தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. எவ்வளவு தூக்கினால் உடம்பு தானாகப் புரளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அந்தக் கட்டில் அமுங்கி நானாக உருண்டு இருபத்தொரு மாதம் ஆகிறது.

கல்யாணமாகி ஏழு வருடம். எனக்கு அக்டோபர் வந்தால் முப்பத்தேழு. நாள் கடத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னது நான் கிளம்பி வருவதற்கு முன்பு. போன மாதம் மாமியார் போனில் ஏதோ கேட்க ஆரம்பித்து, "ஒடம்பைப் பாத்துக்கம்மா" என்று முடித்துவிட்டார். அவர் என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியாதா?

எழுபத்திரண்டு நாள்.

ஏப்ரல் 9, புதன்

விடுப்புத் தாளை சாரிடம் நீட்டினேன். அதில் முதலாளி கையெழுத்து வேண்டும். கையெழுத்தில்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வந்து இங்கே வேலை செய்ய முடியாது.

"ஜூன்லயா? அம்மாவை இந்த நெலமைல விட்டுட்டுப் போறேங்கறியே, உனக்கே மனசு வருதா?"

மேடம் பக்கத்தில்தான் இருந்தார். "உன்னை எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்கோம். எங்க வீட்டுப் பொண்ணு இப்படிக் கேப்பாளா?"

அவர்கள் வீட்டுப் பெண் வெளியூரில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை வந்து போகிறாள்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். தாளை சார் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 12, சனி

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. நான் வருவதற்குள் சுவருக்கு வண்ணம் அடிக்கப் போகிறாராம். என்ன வண்ணம் என்று கேட்டார். வெளிர்பச்சை என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எதிர் ஃபிளாட்டில் ஒரு ரிட்டயர்டு வக்கீலைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் என்னைப்போல வெளிநாட்டிலிருந்து வந்தவள்தான். ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். நான் பால்கனியில் விரிப்புக் காயப்போடும்போது அவளும் எதிர் பால்கனியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ எந்த வீட்டுல வேலை பாக்குற? காலைல அந்தத் தெருவுல போற, மத்தியானம் இந்தத் தெருவுல வர்ற. தபால் ஆபீஸ்ல சேந்துட்டியா?"

சொன்னேன். மேடத்தின் அறைகள், விடுப்புத் தாள், எல்லாம்.

"ஒப்பந்தத்துல எத்தனை வீடு போட்டிருக்கு?"

"ஒண்ணு."

"எத்தனை நோயாளி?"

"ஒண்ணுதான் டீச்சர்."

"படிக்காம கையெழுத்துப் போட்டியா, இல்ல படிச்சுட்டு மறந்துட்டியா?" பிள்ளைகளை இப்படித்தான் நிற்க வைத்துக் கேட்டிருப்பாள். "தொழிலாளர் உதவி மையம்னு ஒண்ணு இருக்கு. நம்பர் தர்றேன். பேசு. விஷயம் வெளிய போகாது. ஆனா துருவித் துருவிக் கேப்பாங்க, பதிலை யோசிச்சு வச்சுக்க."

நம்பரை வாங்கிக்கொண்டேன். பேசவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

3.5.

நர்ஸ் இரண்டு தடவை அளந்தார். பிறகு சார்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நிஜமா திருப்புறியா?"

"திருப்புறேன் சிஸ்டர்."

"அப்ப இது ஏன் இப்படி ஆகுது?"

பெரியம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் பழைய கட்டைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். நர்ஸ் போனபிறகு மருந்து வைத்துக் கட்டும்போது அவர் உடம்பு நடுங்கியது. வலி. நான் போட்ட கட்டங்களுக்கு இந்த மனுஷி வலியில துடிக்கறாங்க. என்ன வேலைடீ பார்க்கிற நீ? எதுக்கு வந்த இங்க?

மே 2, வெள்ளி

உதவி மையத்துக்குப் போன் செய்தேன். மேடத்தின் மூன்றாவது அறைக் கழிப்பறையில் நின்றுகொண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன். இரண்டு வாரத்தில் அதிகாரி வருவார் என்றார்கள்.

மே 14, புதன்

வந்தார். ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். முதலில் ஒப்பந்தத்தைப் படித்தார். பிறகு சாரைக் கேட்டார். "கடைக்குக் கண்ணிக்குப் போயிட்டு வருவா சார். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். மத்தபடி அம்மா பக்கத்துலயேதான் இருப்பா. வேணும்னா சார்ட்டைப் பாருங்க" என்று சார் அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

அதிகாரி பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இது யார் கையெழுத்து?"

"என்னுது."

"காலைல எட்டரையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் வேற எடத்துல இருந்தேன்னு புகார் குடுத்திருக்கீங்க. பத்து மணிக்கு இங்க திருப்பினேன், பன்னெண்டு மணிக்குத் திருப்பினேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டு எடத்துலயும் எப்படிம்மா இருந்தீங்க?"

பொய்யாக எழுதினேன் என்று சொன்னால் பராமரிப்புச் சான்றிதழ் போய்விடும், அது எனக்குத் தெரியும்.

அவர் கட்டில் பக்கம் குனிந்து பெரியம்மாவைக் கேட்டார். "இவங்க உங்களை விட்டுட்டு வெளிய போறாங்களாம்மா?"

சார் வாசலில் நின்றார். பெரியம்மா அவரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எங்க போறா. இங்கதான் இருக்கா" என்றார்.

அதிகாரி இருபத்தேழாம் தேதி விசாரணை என்று எழுதினார். அதுவரைக்கும் நான் இந்த வீட்டு வேலை தவிர வேறெங்கும் போகக் கூடாது என்று சாரிடம் கையெழுத்து வாங்கினார். அது மட்டும்தான் இன்று நடந்த நல்லது.

மே 15, வியாழன்

எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. எல்லாம் நிஜமாகத் திருப்பினேன். பெரியம்மாவோடு பேசவில்லை. கடிகாரம் என்று அவரும் கூப்பிடவில்லை.

மே 17, சனி

உதவி மையத்தில் என் புகாரைப் பார்க்கும் பெண் காலையில் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: சார்ட் நிஜம் என்றால் புகார் நிற்காது. விடுப்பும் சார் விருப்பப்படிதான். சார்ட் பொய் என்று சொன்னால் புகார் நிற்கும், ஆனால் எனக்கு என்ன தண்டனை என்று அவராலும் சொல்ல முடியாது. "நான் உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். உங்க பக்கத்துல உக்காருவேன்" என்றார்.

மத்தியானம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏப்ரலிலேயே சார் விடுப்பு இல்லை என்று சொன்னதையும். அவர் வெளிர்பச்சை வாங்கி இரண்டு கை அடித்து முடித்துவிட்டாராம்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கறேன்னு சொன்னீங்க."

பிறகு சொன்னார்: "காயில் சுத்தும்போது நடுவுல எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னா நான் என்ன பண்றேன்? குத்துமதிப்பா சுத்திக் குடுத்தா ஒரு வாரத்துல மோட்டார் பொகைஞ்சுடும். பூராவையும் பிரிச்சுட்டு மறுபடி சுத்தறேன். வேற வழி கெடையாது. நீ எத்தனை பொய் எழுதினயோ அத்தனையும் சொல்லிடு."

"சர்டிபிகேட் போயிடுச்சுன்னா?"

"நீ இல்லாமயா போயிடுவ?"

அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கோபத்தில் சொன்னாரா, ஆசையில் சொன்னாரா?

மே 20, செவ்வாய்

3.3. முதல்முறையாகக் குறைந்திருக்கிறது.

மே 27, செவ்வாய்

இன்று காலையிலேயே அளந்தாகிவிட்டது, 3.1. நர்ஸ் அளந்துவிட்டு நேராக விசாரணைக்கு வந்தார், அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அறையில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் சாரும் மேடமும். இந்தப் பக்கம் நானும் உதவி மையப் பெண்ணும். நான் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன், பிறகு தைரியம் வராது என்று. "சார்ட்ல பொய் எழுதியிருக்கேன் சார்."

மேடம் சாரைப் பார்த்தார். அதிகாரி மட்டும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சார்ட்டை என் பக்கம் தள்ளி ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார். "எதெல்லாம் பொய்யோ, வட்டம் போடுங்க."

மார்ச் ஏழிலிருந்து ஆரம்பித்தேன். ஐம்பது நிமிடம் ஆனது. நாளுக்கு இரண்டு கட்டம். ஐம்பத்தேழு நாள். நூற்றுப் பதினான்கு.

அவர் எண்ணிப் பார்த்தார். "இத்தனை பொய் எழுதியிருக்கீங்க. மீதி இருக்கற கட்டத்தை நான் எதை வச்சு நம்பறது?"

"நிமிஷம் போடாததை நம்புங்க சார். பொய் எழுதும்போது மட்டும்தான் நிமிஷம் போட்டேன்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்ப ஆரம்பத்திலிருந்து பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இப்ப எல்லாத்தையும் இஷ்டத்துக்கு மாத்திச் சொல்றா" என்றார் சார். "அங்க இருந்தேங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

சலவைக்காரரின் நோட்டை உதவி மையப் பெண் மேசையில் வைத்தார். நேற்று போய் வாங்கி வந்திருக்கிறார். நான் வட்டம் போட்ட ஒவ்வொரு தேதியிலும் அதில் என் கையெழுத்து, மணியோடு. அதிகாரி விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஐம்பத்தேழும் சரி. பிறகு நர்ஸ் தன் அளவுகளை வாசித்தார். நான் வெளியே போன வாரங்களில் ஏறியிருக்கிறது. போகாத இரண்டு வாரத்தில் இறங்கியிருக்கிறது.

வெளியே வரும்போது நர்ஸ் என் பக்கத்தில் வந்தார். "என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 5, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு மாத விடுப்பு உண்டு, அதற்கு சார் கையெழுத்துத் தேவையில்லை. திரும்பி வந்தபின் நான் வேறு முதலாளியிடம் வேலை செய்யலாம். என் பதிவேட்டில் எச்சரிக்கை; ஆறு மாதம் ஒரு மூத்த பராமரிப்பாளரின் மேற்பார்வையில்தான் வேலை. சான்றிதழ் தப்பித்தது. சார் இரண்டு வருடத்துக்கு வெளிநாட்டு ஆள் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது.

ஆகவே பெரியம்மா முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறார். அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் ஒரு மாதம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஜூன் 8, ஞாயிறு

இடது பக்கம் திருப்பும்போது பெரியம்மா பேசினார். இருபத்தைந்து நாளுக்குப் பிறகு.

"அன்னைக்கு நான் பொய்தான் சொன்னேன்."

"தெரியும் பெரியம்மா."

"நீ போயிடுவ. அவன் எம்புள்ள. இத்தனை நாளா வாசல்லயே நிக்கறான், அதையும் விட்டுட்டா?"

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

"அந்த எடத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வருவாங்களா?"

"வருவாங்க. சார்ட் வச்சிருப்பாங்க, எழுதணும்."

"எழுதறது என்ன பெருசு. நீகூடத்தான் எழுதின."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவருக்குச் சிரித்தால் புண் வலிக்கும். "சிரிக்க வைக்காதடி" என்றார். பிறகு அவர் முகம் சுவர்ப்பக்கம் போனது. எனக்கும் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

ஜூன் 12, வியாழன்

பத்து மணிக்கு வண்டி வந்தது. போகிற இடத்துக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன்: தூக்கும்போது வலது தோளில் கை வைக்கக் கூடாது, காலை நேரத்தில் இடது பக்கம் விரும்புவார், கிண்டல் செய்வார், கோபித்துக்கொள்ளக் கூடாது. புண் 2.6. சார் முன்சீட்டில் உட்காரப் போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பின்னால் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜூன் 21, சனி

நாளைக் காலை விமானம். கடைசி ஒன்பது நாளும் உதவி மையத்தின் தங்கும் விடுதியில் இருந்தேன். ஒன்பது நாளும் என் வேலை பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும்தான். டீச்சர் பார்க்க வந்தாள். "போயிட்டு எப்ப வர்ற?" என்றாள். "போகவே இல்லை, அதுக்குள்ள வர்றதைக் கேக்கறீங்க" என்றேன். "வராம இருந்துடாதே. எதிர் பால்கனி காலியா இருந்தா எனக்குப் பேச ஆளில்லை." பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது, திரும்பி வந்தாலும் நான் அந்த பால்கனிக்கு வரப்போவதில்லை என்று.

ஜூலை. தேதி தெரியவில்லை

மத்தியானம். கரண்ட் இல்லை, அதனால் பட்டறை இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தார். வந்த முதல் நாலைந்து நாள் இரண்டு பேரும் விருந்தாளி மாதிரி பேசிக்கொண்டோம். சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

இன்று என்ன தேதி? ஐந்தா, ஆறா? திரும்பிப் போக எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். எண்ணவில்லை. காலண்டர் அடுத்த அறையில் மாட்டியிருக்கிறது. எழுந்து போனால் பார்த்துவிடலாம். அவர் தலை என் இடது கைமேல் இருக்கிறது. கை மரத்து வெகுநேரம் ஆகிறது.

எழுந்திருக்கவில்லை.